தீராத ஆட்சேபங்களுக்கு எந்தப் பதிவேடு?

பலர் கூடித் தர நிர்ணயம் செய்யும் குழுவொன்றில், நகலை எழுதி முடிப்பதைக் காட்டிலும் கடினமான காரியம், அதன்மேல் நாற்புறமிருந்தும் வந்து குவியும் ஆட்சேபங்களுள் எது தீர்ந்தது, எது தீரவில்லை, தீர்ந்ததாயின் யார் எந்த நியாயத்தைக் கூறித் தீர்த்தார் என்பதை ஓராண்டு கழித்தும் தடுமாறாமல் சொல்வதேயாகும். இதற்கு வழக்கிலுள்ள முறைகளுள் மூன்று கவனிக்கத் தக்கவை.

சர்வதேசத் தர ஸ்தாபனமாகிய ஐஎஸ்ஓ கையாள்வது அட்டவணை முறை. ஆட்சேபம் நகலின் எந்தப் பிரிவைச் சார்ந்தது, அது பொதுவானதா, தொழில்நுட்பத்தைப் பற்றியதா, வெறும் சொல்திருத்தமா என்பவற்றோடு, அதற்குப் பதிலாக எந்த வாசகம் வேண்டும் என்பதையும் அங்கத்துவ நாடுகள் எழுதியாக வேண்டும். கடைசிப் பத்தி செயலகத்தின் மறுமொழிக்கு உரியது. மாற்று வாசகம் கேட்கும் அந்த ஒரு பத்தியே அரைகுறை முணுமுணுப்புகளைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. ஆனால் அட்டவணையின் ஆயுள் ஒரு சுற்று வாக்கெடுப்போடு முடிந்துவிடுவதால், பழைய ஆட்சேபம் அடுத்த சுற்றில் புதிய வரியாக மறுபிறவி எடுக்கும்போது, இரண்டையும் இணைத்துப் பார்ப்பது காரியதரிசியின் ஞாபகசக்தியைப் பொறுத்ததாகிறது.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி குழுக்கள் நெடுநாள் பயன்படுத்திய 'டிராக்கர்' என்னும் எண்ணிட்ட பதிவேடு இக்குறையை நீக்கியது. ஒருமுறை பெற்ற எண் விவாதம் முடியும்வரை மாறாது. மூடப்பட்டவை வேறு, ஒத்திவைக்கப்பட்டவை வேறு என்று அது பிரித்து வைத்ததை நான் பெரிதும் பாராட்டுகிறேன். அந்தப் பிரிவினை இல்லாத குழுக்கள், சலித்துப்போன விஷயத்தையெல்லாம் தீர்ந்த விஷயமாகப் பாவனை செய்துவிடுகின்றன.

மூன்றாவது, நகலையும் ஆட்சேபங்களையும் மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்ஹப் போன்ற ஒரே களஞ்சியத்தில் வைப்பது. 2021 மே மாதத்தில் ஆர்எஃப்சி 9000 என்னும் தர ஆவணமாக வெளிவந்த குவிக் என்ற இணையத் தரவுப் பரிமாற்ற நெறிமுறையை, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் குழு இவ்வழியில்தான் உருவாக்கியது. சொல்நடை சம்பந்தமானவற்றைப் பதிப்பாசிரியர்கள் தாமே தீர்த்துக்கொள்ள, வடிவமைப்பைத் தொடும் ஒவ்வொன்றும் குழுவின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று அக்குழு வகுத்துக்கொண்டது. ஐஇடிஎஃப் குழுக்கள் கிட்ஹப்பைப் பயன்படுத்துவதற்கு வழிகாட்டியாக 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8874, களஞ்சியத்தில் நடந்த விவாதம் எத்துணை விரிவாயினும், குழுவின் இசைவைப் பொது மின்னஞ்சல் வழியே உறுதி செய்ய வேண்டும் என்கிறது. எந்தத் திருத்தம் எந்த ஆட்சேபத்தால் பிறந்தது என்பதை இம்முறைபோல் வேறெதுவும் காட்டுவதில்லை. எனினும் ஒரு சொடுக்கில் மூடிவிடும் சௌகரியமே இதன் அபாயமுமாகும். மேலும் கிட்ஹப் 2018 முதல் மைக்ரோசாஃப்ட்டின் உடைமையாதலால், விவாதங்களின் பிரதியொன்றைத் தனியே சேமித்து வைப்பது விவேகம்.

நாடுகள் வாக்களிக்கும் இடத்தில் அட்டவணையை விட வழியில்லை. வாரந்தோறும் பேசிக்கொள்ளும் சிறு குழுவுக்கு எண்ணிட்ட பதிவேடு போதும். நகல் நாளுக்கு நாள் மாறுமிடத்தில் களஞ்சியமே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வடிவமைப்பு பற்றிய ஆட்சேபத்தை மூடும் அதிகாரம் பதிப்பாசிரியருக்கு இல்லையென்பதை முதற் கூட்டத்திலேயே எழுத்தில் தீர்மானித்துக்கொண்டு தொடங்குங்கள்.