டாவி நோயாளியின் மைட்ரல் கசிவு: அளப்பதும் முடிவெடுப்பதும்

கதீட்டர் வழியாக அயோர்டிக் வால்வு பொருத்தும் டாவி சிகிச்சைக்கு வருபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மைட்ரல் வால்விலும் மிதமான அல்லது கடுமையான கசிவு இருக்கும். அதைக் கையாள்வதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் முதல் எக்கோவிலேயே தொடங்கிவிடுகின்றன.

கசிவு எவ்வளவு என்று எழுதுமுன் எதனால் என்று எழுதிவிட வேண்டும். இதழ் பிதுங்கியிருந்தாலோ, நாண் அறுந்திருந்தாலோ, ருமாட்டிக் காய்ச்சலால் இதழ் தடித்திருந்தாலோ, கோளாறு வால்விலேயே இருக்கிறது. இதழ்கள் நன்றாக இருந்தும், விரிந்த இடது கீழறை அவற்றை இழுத்துப் பிடித்தாலோ, மேலறை பெருத்து வால்வு வளையம் அகன்றாலோ, அது இரண்டாம் நிலைக் கசிவு. முதியவர்களிடம் இரண்டும் கலந்திருப்பதுண்டு; அப்போதும் எது ஓங்கியிருக்கிறது என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். படம் தெளிவில்லாவிட்டால் உணவுக்குழாய் வழி எக்கோவைத் தள்ளிப்போடக் கூடாது.

தடுமாற்றம் அதிகம் அளவெடுப்பில்தான். அயோர்டிக் வால்வு குறுகியிருக்கையில் இடது கீழறையின் அழுத்தம் 200 மி.மீ. பாதரசத்தை எட்டுவது சாதாரணம். அந்த அழுத்தம் கசியும் ரத்தத்தை நொடிக்கு 6 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மேலறைக்குள் பீய்ச்சுகிறது. துளை சிறிதாக இருந்தாலும் கலர் டாப்ளரில் மேலறை முழுக்க நிறம் பரவித் தெரியும். ஆகவே நிறப் பரப்பைப் பார்த்துத் தரம் போடவே கூடாது. கசிவின் கழுத்து அகலம் 7 மி.மீ., பீசா முறையில் துளையின் பரப்பு 0.4 ச.செ.மீ. ஆகியவையே கடுமைக்கான எல்லைகள். துடிப்புக்கு 60 மி.லி. என்ற கன அளவும் ஓர் எல்லைதான்; ஆனால் அது அழுத்தத்தோடு ஏறி இறங்கும் என்பதால் துளையின் பரப்பே நம்பத்தக்கது. அளக்கும்போதிருந்த ரத்த அழுத்தத்தைக் குறிக்காத அறிக்கை பிற்பாடு ஒப்பிட உதவாது.

இன்னொரு பொறி, மைட்ரல் கசிவின் டாப்ளர் வரைவை அயோர்டிக் வரைவென்று எண்ணிவிடுவது. மைட்ரல் வரைவு கீழறை சுருங்கத் தொடங்கியதுமே எழுந்து நெடுநேரம் நீடிக்கும். அயோர்டிக் வரைவு சற்றுத் தாமதித்து எழுந்து முன்னதாகவே முடியும். இதயத்தின் நுனியிலிருந்து நொடிக்கு 6 மீட்டரும், வலது மார்பெலும்போரத்தில் பென்சில் ப்ரோபால் 4 மீட்டரும் கிடைத்தால், முதல் எண்ணைச் சந்தேகித்து ஈசிஜியோடு வைத்துப் பார்க்க வேண்டும். மறுபுறம், ரத்தம் பின்னோக்கிப் போய்விடுவதால் அயோர்டிக் வால்வின் சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ.க்குக் கீழே நின்று, கடுமையான குறுக்கத்தையும் மிதமானதாகக் காட்டலாம். சிடி ஸ்கேனில் வால்வின் கால்சியம் அளவு ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 அலகுகளைத் தாண்டினால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும்.

வால்விலேயே கோளாறுள்ள கடுமையான கசிவும் அறுவையைத் தாங்கும் உடல்நிலையும் சேர்ந்திருந்தால், இரண்டு வால்வுகளையும் ஒரே திறந்த அறுவையில் சரிசெய்வதே முறை. மற்றவர்களுக்கு டாவி முதலில்.

டாவியின்போது கசிவு திடீரென்று கூடினால் முதலில் பார்க்க வேண்டியது கைடு வயர். அது மைட்ரல் நாண்களில் சிக்கியிருக்கலாம். கம்பியைத் தளர்த்தினால் கசிவு குறைந்துவிடும். அடுத்து, புதிய வால்வு ஆழமாக இறங்கி மைட்ரலின் முன் இதழை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். தசை தடித்த சிறிய கீழறையில், முன் இதழ் வெளியேறும் பாதைக்குள் இழுக்கப்பட்டும் கசிவு வரும். அங்கே ரத்த அழுத்தம் விழுகிறதென்று அட்ரினலின் கொடுத்தால் நிலைமை மோசமாகும். திரவமும் பீட்டா தடுப்பியும்தான் வேண்டும்.

டாவிக்குப் பின் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கசிவு ஒரு படியாவது குறைகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நுரையீரல் ரத்த அழுத்த உயர்வு, மைட்ரல் வளையத்தில் கால்சியம் படிவு உள்ளவர்களிடம் அந்த வாய்ப்பு குறைவு. வீட்டுக்கு அனுப்பும் நாளின் எக்கோவை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இதயச் செயலிழப்பு மருந்துகளைச் சீராக்கி, நோயாளியின் நிலை அனுமதித்தால் ஒன்று முதல் மூன்று மாதம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இடையில் இடது கற்றைத் தடையோ புதிய பேஸ்மேக்கரோ வந்திருந்தால் கசிவு கூடுவதற்கு அதுவே காரணமாகலாம். இவ்வளவுக்குப் பிறகும் மூச்சிரைப்பும் கடுமையான கசிவும் நீடித்தால் மைட்ராக்ளிப் போன்ற கவ்விகளைப் பரிசீலிக்கலாம். வால்வின் திறப்பு 4 ச.செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், கவ்வி போட்டபின் வால்வே குறுகிப்போகும் அபாயம் உண்டு என்பதால் அதையும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்.