பழைய போர்ஷே எஞ்சினைப் பிரித்தால் இந்த பேரிங்கை விட்டுவிடாதீர்கள்

2008 மாடல் வரை வந்த பாக்ஸ்டர், 996, 997 கார்களின் எஞ்சினில் இடைத்தண்டின் (ஐஎம்எஸ்) பேரிங்தான் பலவீனம். டர்போ, ஜிடி3 கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கிரீஸ் அடைத்து சீல் வைத்த பேரிங் அது. சீல் தளர்ந்ததும் எஞ்சின் ஆயில் கசிந்து கிரீஸைக் கழுவிவிடும்; உள்ளே போன ஆயிலோ வெளியேற வழியின்றிக் கெட்டுப்போகும். குண்டுகள் தேய்ந்து தண்டு ஆடினால் செயின் டைமிங் தவறும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். எஞ்சின் போயே போச்சு.

பிரிப்பதற்கு முன் பழைய ஆயில் ஃபில்டரின் தாளை விரித்து, மடிப்பு மடிப்பாகக் காந்தத்தால் தடவிப் பாருங்கள். மினுங்கும் எஃகுத் துகள் ஒட்டினால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் வழிகள் அனைத்தையும் கழுவியாக வேண்டும்.

2006 மாடல் முதல் வந்த பெரிய பேரிங்கை கிராங்க் கேஸைப் பிளக்காமல் எடுக்க முடியாது. எஞ்சின் பிரிந்து கிடக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்று இரண்டு: செராமிக் குண்டு பேரிங், அல்லது அழுத்த ஆயில் பாயும் குண்டில்லா பேரிங். என் ஓட்டு இரண்டாவதற்கே. தேயக் குண்டே இல்லை. செராமிக் போட்டால் அதையும் காலக்கெடு வைத்து மாற்றவேண்டும்.

அதற்கு முந்தைய கார்களில், எஞ்சினைப் பிளக்காமல் பேரிங்கை மட்டும் மாற்றுவோர் கிராங்க்கையும் கேமையும் பூட்டாமல் செயின் டென்ஷனரைத் தொடவே கூடாது. அந்த வேலைக்காகக் கியர்பாக்ஸ் இறங்கியிருப்பதால் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் கையோடு மாற்றுங்கள்.