பரம்பரையலகும் உணவும்

பால், மீன், பருப்பு முதலியவற்றிலுள்ள புரதம் உடலிற் சமிபாடடைந்து அமினோவமிலங்களாகப் பிரிகின்றது என்பதை நாம் அறிவோம். அவற்றுள் ஒன்று பீனைலலனீன். உடலின் தேவைக்கு மேற்பட்ட பீனைலலனீனை ஈரலிலுள்ள ஒரு நொதியம் தைரோசீன் என்னும் வேறோர் அமினோவமிலமாக மாற்றுகின்றது. பீனைலலனீன் ஐதரொட்சிலேசு என்பது அதன் பெயர். அதனை ஆக்கும் குறிப்பைத் தாங்கிய பரம்பரையலகு 12ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது.

இப்பரம்பரையலகைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக நாம் பெறுகின்றோம். ஒன்று பழுதாயினும் மற்றையது போதும். இரண்டும் பழுதாயின் நொதியம் தொழிற்படாது. பீனைலலனீன் குருதியிற் பெருகி, வளரும் மூளையைக் கெடுக்கும். நலமுடைய பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதைச் சுமப்பாராயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வருதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு.

1934இல் நோர்வே நாட்டிலே, மூளை வளர்ச்சி குன்றிய தன் மக்கள் இருவரையும் ஒரு தாய் ஒசுலோ நகரில் அசுபியோண் பொலிங் என்பாரிடம் கொண்டுசென்றாள். இரசாயனமும் மருத்துவமும் கற்றவர் அவர். பிள்ளைகளின் சிறுநீரிற் பெரிக்குக் குளோரைட்டை இட, அது பச்சை நிறமாயிற்று. அங்கே பீனைல்பைரூவிக்கமிலம் இருத்தலை அவர் கண்டறிந்தார். பீனைல்கீற்றோனூரியா என இன்று வழங்கும் நோய் இவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும் அப்பிள்ளைகளைக் குணப்படுத்தும் வழி அன்று இல்லை.

பின்னர் இங்கிலாந்திற் பேர்மிங்காம் நகரில், தன் மகளுக்கு ஏதேனும் செய்யுமாறு வேறொரு தாய் ஓயாது வேண்டினாள். ஓசுட்டு பிக்கெல் என்பாரும் உடனுழைத்தோரும் பீனைலலனீன் குறைந்த உணவை அச்சிறுமிக்கு அளித்தனர், அவள் தேறினாள். அவ்வமிலத்தை மீண்டும் சேர்த்தபோது அவள் நிலை தாழ்ந்தது. இம்முடிவு 1953இல் வெளியாயிற்று. எனினும் ஒருமுறை கெட்ட மூளை முழுதும் மீளாது. ஆதலால் நோயை முன்னரே அறிதல் வேண்டும். அமெரிக்கரான இரொபேட்டு கதிரி, பிறந்த குழவியின் குதிக்காலிலிருந்து எடுத்த சில துளிக் குருதியைத் தாளில் ஒற்றிச் சோதிக்கும் எளிய முறையை 1960களின் தொடக்கத்தில் வகுத்தார். இன்று பல நாடுகளில் இத்தகைய சோதனை பிறந்த சில நாட்களுக்குள் நடைபெறுகின்றது. உடனே தக்க உணவைத் தொடங்கித் தொடர்ந்து பேணின், அக்குழந்தை ஏனையோரைப்போற் கற்று வளரும்.

பரம்பரையலகின் பழுது உணவினால் மாறவில்லை. அதன் தீங்கே தடுக்கப்பட்டது. ஆதலின் 'பிறவிக் குறை' என்றதும் கைவிடுதல் அறிவுடைமையன்று. விதியை மதியால் வெல்லலாம் என்பர். அம்மதிக்கு வேலை கொடுத்தவர் சோர்வின்றி வினவிய தாயர் என்பதையும் நம் மாணவர் மறவாதிருப்பாராக.