இடைக்கல் பாறைச் செதுக்கல்கள்

கேரளத்தின் வயநாட்டில், அம்புகுத்தி மலைமீது 'எடக்கல்' என்னும் இடம் உள்ளது. குகை என வழங்கினும் அஃது ஒரு பாறைப் பிளவேயாகும். இரு பாறைகளுக்கு இடையே பெருங்கல் ஒன்று வீழ்ந்து கூரையாய் அமைந்தமையால், 'இடைக்கல்' எனும் பொருளில் இப்பெயர் வந்தது.

1890களில் இதனைக் கண்ட பிரெட் பாசெட் என்னும் காவல்துறை அதிகாரி, 1901இல் கட்டுரை வெளியிட்டார். பாறைச் சுவர்களில் மனித உருவங்களும் விலங்குகளும் குறியீடுகளும் ஆழக் கீறப்பட்டுள்ளன. இவற்றின் காலம் யாது? புதிய கற்காலம் என்பர் பலர். 2009இல் எம். ஆர். இராகவ வாரியர், ஓர் உருவம் சிந்துவெளிக் குறியீட்டை ஒத்துள்ளது என்றார். ஓர் உருவ ஒப்புமை மட்டும் போதுமா என்பது வினா.

அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. எழுத்தின் வடிவம் அவ்வெழுத்தின் காலத்தையே உணர்த்தும். அருகிலுள்ள உருவத்தின் காலத்தை உணர்த்தாது. கல்லிற் கீறிய கோட்டின் அகவையைக் கரிமக் கணிப்பால் நேரே அறியவும் இயலாது.

நம் முன்னோர் எழுத்தை அங்கே கண்டு மகிழ்வோம். ஆயினும், அவ்வெழுத்தைக் கொண்டு சுவர் முழுவதற்கும் உரிமை கொண்டாடுதல் ஆராய்ச்சி ஆகாது.