நூற்றுக்கு முப்பது: இணையக் கடைக்காரரின் பங்கு நியாயமானதா?

பெருநாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த எனது தங்கையின் மகன், சாப்பாடு முடிந்ததும் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, உங்கட காட்டால நூறு டொலர் கட்டித் தர ஏலுமா?"

"என்ன, கேம் வாங்கவா?" என்று கேட்டேன்.

"வாங்க இல்ல மாமா, விக்க" என்றான்.

அவனும் அவனது இரண்டு கூட்டாளிகளும் ஒன்றரை வருடமாக ஒரு கணினி விளையாட்டைத் தயாரித்து வருகிறார்களாம். அதை 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையில் விற்பனைக்கு வைக்க 100 டொலர் கட்ட வேண்டும். அதன் பிறகு விற்பனையாகும் ஒவ்வொரு பிரதியிலும் நூற்றுக்கு 30 வீதம் கடைக்காரருக்குப் போய்விடும்.

நான் முப்பது வருடங்களாகப் புடவை வியாபாரத்தில் இருப்பவன். தரகு என்றால் இரண்டு வீதம், மூன்று வீதம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு முப்பது வீதம் என்றதும் தூக்கிவாரிப் போட்டது. "சரக்கும் உங்களுடையது, உழைப்பும் உங்களுடையது. அவனுக்கு எதற்கு முப்பது வீதம்?" என்று கேட்டேன். "எல்லாரும் அங்கதானே வாறாங்க மாமா" என்று அவன் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டான்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்ததையே இவ்வாரப் பாடமாக வாசகர்களுக்குத் தருகிறேன். விளையாட்டில் நாட்டமில்லாதவர்களும் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது நம் எல்லோருடைய வியாபாரத்துக்கும் பொருந்தும் கதை.

கடை உருவான கதை

மைக்ரோசொப்ட் நிறுவனத்திலிருந்து விலகிய கேப் நியுவெல், மைக் ஹரிங்டன் ஆகிய இருவரும் 1996இல் அமெரிக்காவில் ஆரம்பித்த நிறுவனம் 'வால்வ்'. 1998இல் வெளியான 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டு அதற்குப் பெரும் பெயரைத் தேடித் தந்தது. தமது விளையாட்டுகளில் செய்யும் திருத்தங்களை இணையத்தின் ஊடாக வாடிக்கையாளரின் கணினிக்கு நேரடியாக அனுப்புவதற்காக 2003 செப்டெம்பரில் அவர்கள் தொடங்கியதே ஸ்டீம். 2004 நவம்பரில் 'ஹாஃப் லைஃப் 2' வெளிவந்தபோது, கடையில் காசு கொடுத்து இறுவட்டு வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் திறந்தால்தான் விளையாட முடியும் என்றார்கள். பலரும் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கணக்குத் திறந்தார்கள். 2005 முதல் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளும் அங்கே விற்பனைக்கு வந்தன.

அந்தக் காலத்தில் முப்பது வீதம் என்பது மலிவாகவே தோன்றியது. இறுவட்டு அச்சிடுபவர், பெட்டி செய்பவர், ஏற்றி இறக்குபவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவரும் பங்கெடுத்த பின் தயாரித்தவரின் கையில் மிஞ்சியது சொற்பம். அந்த நிலையில் ஒருவர், "நான் 30 எடுத்துக்கொள்கிறேன், நீ 70 எடுத்துக்கொள்" என்று வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்?

இன்று நிலைமை வேறு. 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ஸ்டீமில் நுழைந்திருந்தார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் அங்கே வெளியாகின. இத்தனை பெரிய கடையை நடத்த எத்தனை பேர் வேண்டும்? ஒரு வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி, 2021இல் வால்வ் நிறுவனத்தில் 336 பேர் பணியாற்றினார்கள். அவர்களில் ஸ்டீம் பிரிவில் இருந்தவர்கள் 79 பேர். செலவு குறைந்த பின்னும் பங்கு குறையவில்லை என்பதே தயாரிப்பாளர்களின் மனக்குறை.

செய்பவருக்கு நியாயமா?

கணக்கைப் பார்ப்போம். மருமகனின் விளையாட்டு 10 டொலர் விலையில் 1,000 பிரதிகள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 10,000 டொலர். கடைக்கு 3,000. மீதி 7,000. இதிலும் அமெரிக்காவில் விற்றதற்கான பங்கில் வரிப் பிடித்தம் உண்டு. பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களின் பணமும் கழியும். ஆரம்பத்தில் கட்டிய 100 டொலர், விற்பனை 1,000 டொலரைத் தாண்டிய பின் திரும்பக் கிடைக்கும்.

'எபிக் கேம்ஸ்' நிறுவனம் 2018 டிசம்பரில் திறந்த போட்டிக் கடை 12 வீதம் மட்டுமே எடுப்பதாக அறிவித்தது. 2025 ஜூன் முதல், ஒவ்வொரு விளையாட்டுக்கும் வருடத்தின் முதல் 10 இலட்சம் டொலர் வருமானத்தில் எதுவுமே எடுப்பதில்லை என்றும் சொன்னது. அப்படியானால் மருமகன் அங்கே போகலாமே! அங்கே 1,000 பிரதிகள் விற்றால் முழு 10,000 டொலரும் கையில் இருக்கும். ஆனால் அங்கே 300 பிரதிகள்தான் விற்கும் என்றால் 3,000 டொலரோடு நிற்க வேண்டியதுதான்.

புறக்கோட்டைப் பிரதான வீதியில் கடை எடுப்பவர் பெரிய வாடகை கொடுப்பது கட்டடத்துக்காகவா? வாசலைக் கடந்து போகும் சனத்துக்காகத்தான். ஸ்டீமின் முப்பது வீதமும் அப்படிப்பட்ட வாடகையே. பணம் அறவிடுவது, பல நாட்டு நாணயங்களைக் கையாள்வது, கோப்புகளைப் பாதுகாத்து அனுப்புவது, வாங்கியவர்கள் கருத்துச் சொல்ல இடம் கொடுப்பது என்று அந்த வாடகைக்குச் சேவையும் கிடைக்கிறது. இதை மறுப்பது நியாயமாகாது.

எனக்கு நியாயமாகப் படாத இடம் வேறு. 2018இன் இறுதியில் வால்வ் தனது பங்கைப் படிப்படியாகக் குறைத்தது. ஆனால் யாருக்கு? ஒரு விளையாட்டின் விற்பனை 1 கோடி டொலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 25 வீதம். 5 கோடியைத் தாண்டினால் அதற்கு மேற்பட்டதற்கு 20 வீதம். 6 கோடி டொலருக்கு விற்ற பெரிய நிறுவனம் மொத்தத்தில் ஒன்றரைக் கோடி, அதாவது 25 வீதமே கொடுக்கிறது. 10,000 டொலருக்கு விற்ற மூன்று இளைஞர்கள் 30 வீதம் கொடுக்கிறார்கள். மொத்தமாக எடுப்பவனுக்கு விலைக்கழிவு கொடுப்பது வியாபார வழக்கம்தான். ஆயினும், அதே துறையில் அப்பிள் நிறுவனம் 2021 ஜனவரி முதல் வருடத்துக்கு 10 இலட்சம் டொலருக்குக் கீழ் உழைக்கும் சிறியவர்களிடம் 15 வீதமே எடுக்கிறது. மைக்ரோசொப்ட் 2021 ஓகஸ்ட் முதல் கணினி விளையாட்டுகளுக்கான பங்கை 30இலிருந்து 12 வீதமாகக் குறைத்தது. சிறியவனைத் தாங்கும் வழி இருக்கிறது என்பதற்கு இவையே சாட்சி.

விலையில் ஒரு சிக்கல்

இனி அமெரிக்க நீதிமன்றத்துக்கு வருவோம். 'வுல்ஃபயர் கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம் 2021 ஏப்ரலில் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. பிற கடைகளில் ஸ்டீமை விடக் குறைந்த விலைக்கு விற்கத் தயாரிப்பாளர்களை வால்வ் விடுவதில்லை என்பது அதன் முக்கிய குற்றச்சாட்டு.

இது ஏன் முக்கியம்? 30 வீதம் எடுக்கும் கடையில் 10 டொலருக்கு விற்றால் தயாரித்தவருக்கு 7 டொலர். 12 வீதம் எடுக்கும் கடையில் 8 டொலருக்கு விற்றாலும் அவருக்கு 7 டொலரும் 4 சதமும் கிடைக்கும். வாங்குபவருக்கோ 2 டொலர் மிச்சம். போட்டி என்றால் இதுதான். எல்லா இடத்திலும் ஒரே விலை என்று கட்டிப்போட்டால், குறைந்த பங்கு எடுக்கும் கடைக்கு வாடிக்கையாளர் ஏன் வரப்போகிறார்?

வால்வ் இதனை மறுக்கிறது. தயாரிப்பாளர் ஸ்டீமிடமிருந்து இலவசமாகக் குறியீட்டு எண்களைப் பெற்று வேறு கடைகளில் விற்கலாம், அதற்கு ஸ்டீம் எந்தப் பங்கும் எடுப்பதில்லை. தன் செலவில் இயங்கும் அந்த எண்களுக்கு மட்டுமே விலை நிபந்தனை உண்டு என்பது அதன் வாதம். வழக்கு 2021 நவம்பரில் ஒருமுறை தள்ளுபடியாகி, திருத்தி எழுதப்பட்டு, 2022 மே மாதத்தில் ஒரு பகுதி தொடர அனுமதிக்கப்பட்டது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் அனைவர் சார்பிலான குழு வழக்காக ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டது என்பதால் குற்றம் நிரூபணமாகிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது வியாபாரிக்கும் அழகல்ல.

வாங்குபவருக்கு நியாயமா?

விளையாடுபவர்கள் பெரும்பாலும் ஸ்டீமை விரும்புகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலிவு விற்பனைகளும் அங்கே தாராளம். இலங்கையும் அடங்கிய தெற்காசிய வலயத்துக்குத் தனியாகக் குறைந்த டொலர் விலை குறிக்கும் வசதியும் தயாரிப்பாளருக்கு இருக்கிறது.

ஆனால் சில உரிமைகள் கேட்டு வாங்கப்பட்டவை. வாங்கிய விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் பொதுவான ஏற்பாடு 2015 ஜூன் வரை அங்கே இருக்கவில்லை. அவுஸ்திரேலிய நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் வழக்குத் தொடுத்தது. பணம் திருப்பித் தரப்படாது என்று சொல்லி வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியதாக 2016இல் தீர்ப்பாகி, வால்வுக்கு 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்ற விதி வந்தது. ஐரோப்பாவிலும், ஒரு நாட்டில் வாங்கிய விளையாட்டை இன்னொரு நாட்டில் திறக்க விடாமல் பூட்டியதற்காக வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் 2021 ஜனவரியில் மொத்தம் 78 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. நாம் வாங்குவது என்ன? இறுவட்டு வாங்கினால் அதை நண்பனுக்குக் கொடுக்கலாம், பழைய பொருளாக விற்கலாம், பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். ஸ்டீமில் வாங்குவது பாவிக்கும் அனுமதி மட்டுமே. விற்க முடியாது. கணக்கை வாரிசுக்கு மாற்றவும் விதியில் இடமில்லை. வாங்கியதை மறுவிற்பனை செய்யலாம் என்று பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் அதனை மாற்றிவிட்டது. விற்பது அனுமதியைத்தான் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் இயற்றப்பட்ட சட்டம் 2025 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2024 ஒக்டோபரில், பணம் செலுத்தும் பக்கத்தில் ஸ்டீம் அந்த அறிவித்தலைப் போட்டுவிட்டது.

இக்குறை ஒரு கடைக்கு மட்டும் உரியதல்ல. 'யூபிசொப்ட்' நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'த குரூ' என்ற கார் ஓட்ட விளையாட்டின் சேவையை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள். அதன் எதிரொலியாக எழுந்த ஐரோப்பிய மனுவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

எதிர்க்கடைக்காரர் தர்மவானா?

எபிக் நிறுவனம் நியாயத்தைப் பேசிக்கொண்டு வந்தது. ஆனால் அதுவும் பணம் கொடுத்துச் சில விளையாட்டுகளைத் தன் கடையில் மட்டும் விற்குமாறு கட்டிக்கொண்டது. 2019இல் 'மெட்ரோ எக்ஸொடஸ்' வெளியாகச் சில வாரங்கள் இருக்கும்போது ஸ்டீமில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டு எபிக்குக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை 60 டொலரிலிருந்து 50 ஆகக் குறைந்தது என்பது உண்மை. ஆனாலும் தாம் விரும்பிய கடையில் வாங்க முடியவில்லையே என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். தனிக்கடை போட்டு ஸ்டீமை விட்டு விலகிய பெரிய நிறுவனங்களும் பிறகு திரும்பி வந்தன. 'எலெக்ட்ரொனிக் ஆர்ட்ஸ்' 2019இலும் யூபிசொப்ட் 2022இலும் வந்தன. பணபலம் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், எனது மருமகன் எந்த மூலைக்கு?

நமக்கான பாடம்

எனது முடிவு இது. ஸ்டீம் திருட்டுக் கடை அல்ல. சேவை நல்லது, வாடிக்கையாளர் திருப்தியும் உண்மையானது. ஆனால் சந்தையும் ஒருவரிடம், தராசும் அவரிடமே என்றால், நிறை சரிதானா என்று வெளியே ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். பணம் திருப்பும் விதியும் அனுமதி பற்றிய அறிவித்தலும், ஆணைக்குழுவும் சட்டமும் நெருக்கிய காலத்திலேயே வந்தன. சிறியவனுக்குப் பங்கு குறையும் நாளும் அப்படி யாராவது கேட்டால்தான் வரும்.

மருமகனுக்கு நூறு டொலரைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்று நிபந்தனைகள் விதித்தேன். ஒன்று, ஒப்பந்தத்தை மூவரும் ஒருவரி விடாமல் வாசிக்க வேண்டும். இரண்டு, ஒரே கடையை நம்பியிருக்கக் கூடாது. கடைக்கு எத்தனை வீதம் என்பதை விற்பவரே தீர்மானிக்கக்கூடிய 'இட்ச்' போன்ற சிறிய கடையிலும் வைக்க வேண்டும். மூன்று, வாங்குபவர்களோடு கடையைத் தாண்டிய தொடர்பு வேண்டும். விருப்பத்தோடு தருபவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து வைக்க வேண்டும். கடைக்காரன் நாளை கதவைச் சாத்தினாலும் வாடிக்கையாளன் நம் கையில் இருப்பான்.

"மூணாவதுதான் கஷ்டம் மாமா" என்றான். கஷ்டம்தான். பிறர் இணையத்தளத்திலும் பிறர் செயலியிலும் மட்டுமே தம் பொருளை விற்றுக்கொண்டு, "வியாபாரம் நன்றாகப் போகிறது" என்று நிம்மதியாக இருக்கும் நம்மவர்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் வாடிக்கையாளரின் பெயர் யாருடைய கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று இன்று இரவு கடையைப் பூட்டும்போது ஒருமுறை பாருங்கள்.