வந்தியத்தேவனை மறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி:

அன்புள்ள அக்கா,

எனக்கு 24 வயது. களுவாஞ்சிக்குடிப் பக்கம். வந்தாறுமூலையில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது ‘பொன்னியின் செல்வன்’ வாசித்தேன். அன்றிலிருந்து வந்தியத்தேவன் மனதை விட்டுப் போகவில்லை. படம் வந்தபோது தோழிகள் கார்த்தியைப் பற்றியே கதைத்தார்கள். எனக்கோ புத்தகத்தில் இருக்கிறவரைத்தான் பிடிக்கும். மனம் சோர்ந்தால் அவர் வரும் பக்கங்களைத்தான் திரும்ப எடுப்பேன்.

இப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இரண்டு இடத்தை நான்தான் வேண்டாம் என்றேன். உண்மைக் காரணத்தை மச்சாளிடம் மட்டும் சொன்னேன். “உனக்கு விசர்” என்று சிரித்துவிட்டாள். இது மனநோயா? நாளைக்கு எனக்கு வாய்க்கிறவருக்கு நான் செய்யும் துரோகமா? அந்தப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?

பெயர் வேண்டாம்,
களுவாஞ்சிக்குடி.

பதில்:

அன்புத் தங்கச்சி,

இது நோய் இல்லை. வந்தியத்தேவன் உங்கள் வாசலில் குதிரையை நிறுத்தப்போவதில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனம் அங்கே போகிறது. கற்பனைப் பாத்திரங்களிடம் காதல் கொண்டவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டவற்றைப் பின்லாந்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்படிக் காதல் கொண்டவர்கள் கதையையும் நிஜத்தையும் பொதுவாகக் குழப்பிக்கொள்வதில்லை என்பதே அதில் தெரிந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1956இல், ஹோர்ட்டன், வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நேயர்களுக்கு ஒருபக்க உறவு உண்டாவதை விளக்கியிருந்தார்கள். இன்றும் உளவியலில் அது முக்கியமான கருத்து.

ஏன் இப்படி ஆகிறது? பக்கத்து வீட்டுப் பெடியன் என்ன நினைக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. வந்தியத்தேவன் என்ன நினைக்கிறான் என்பதைக் கல்கி உங்களுக்குச் சொல்லிவிடுகிறார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரவாரம் வந்த தொடர்கதை. ஒரு மனிதனின் பயம், அவசரம், குறும்பு, சொன்ன சொல்லைக் காக்கும் பிடிவாதம் எல்லாவற்றையும் அவ்வளவு நீளத்துக்கு நாம் உள்ளேயிருந்து பார்ப்பது நிஜ வாழ்க்கையில் அபூர்வம். அவன் உங்களை மறுக்கவும் மாட்டான், உங்களிடம் எதுவும் கேட்கவும் மாட்டான். மனதுக்கு அது பாதுகாப்பான இடம். அதனால்தான் சோர்ந்த நேரத்தில் அங்கே போகிறீர்கள்.

கதை மாந்தரை நெஞ்சில் வைத்துக்கொள்வது நம் வாவிக் கரைக்குப் புதிதல்ல. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது வழக்குரை படிக்கிறார்கள். மதுரையை எரித்தவளின் கோபம் ஆறக் குளிர்த்தி பாடுகிறார்கள். கொம்பு முறி விளையாட்டில் ஊரே இரண்டாகப் பிரிந்து, வடசேரியார் கோவலன் பக்கமும் தென்சேரியார் கண்ணகி பக்கமும் நின்று, கொம்புகளைக் கொழுவி, ஒன்று முறியும்வரை இழுத்திருக்கிறார்கள். கண்ணகி நமக்குத் தெய்வம். உங்கள் விருப்பமும் அந்தப் பக்தியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கதைக்குள் வாழ்ந்தவர்களுக்காக அழவும் பக்கம் சேரவும் தெரிந்த மண்ணில்தான் நீங்கள் பிறந்திருக்கிறீர்கள்.

இன்னும் நெருக்கமான கதையும் நம்மிடம் உண்டு. மட்டக்களப்புக் கூத்துகளில் ஒன்று ‘அனுருத்திர நாடகம்’. பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்து 1969இல் நூலாக வந்தது. வாணாசுரன் மகள் உஷை கனவில் ஒருவனைக் கண்டு காதலிக்கும் பழைய புராணக் கதைதான் அது. அவன் யார், எந்த ஊர், எதுவும் அவளுக்குத் தெரியாது. தோழி சித்திரலேகை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தேவர், அரசர் என ஒவ்வொருவராக வரைந்து காட்டுகிறாள். அனுருத்திரனின் படம் வந்ததும் உஷை அவனை அடையாளம் காண்கிறாள்.

சித்திரலேகை செய்ததை நீங்களே உங்களுக்குச் செய்யுங்கள். வந்தியத்தேவனிடம் பிடித்தது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். குதிரை, வாள், வீரம் ஒரு பக்கம். குணமும் நடத்தையும் மறுபக்கம். கையில் செல்வமில்லாமலும் தலை குனியாதவன். ஒப்புக்கொண்ட ஓலையைச் சேர்க்க உயிரைப் பணயம் வைப்பவன். ஆபத்திலும் சிரிக்கத் தெரிந்தவன். இவை சோழர் காலத்தோடு போன குணங்கள் அல்ல. செங்கலடியிலும் கல்லாற்றிலும் இந்தக் குணமுள்ள ஆண்கள் இருக்கிறார்கள். அவனுடைய குறைகளையும் எழுதுங்கள். அவசரக்காரன், பொய்யும் சொல்வான், போகுமிடமெல்லாம் மாட்டிக்கொள்வான். கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு வரக்கூட அவனுக்குப் பூங்குழலி படகு வலிக்க வேண்டியிருந்தது. கதையில் இத்தனை குறையை மன்னித்த நீங்கள், பெண் பார்க்க வந்தவரின் ஒரு தடுமாற்றத்தையும் மன்னிக்கலாம் அல்லவா?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மனதில் ஒரு பாத்திரத்தைப் பிடித்திருப்பது துரோகம் இல்லை. வருகிறவரை அந்தப் பாத்திரமாக மாறச் சொன்னால் அது அநியாயம். அதே நாவலில் மணிமேகலையைப் பாருங்கள். தமையன் கந்தமாறன் சொன்ன கதைகளைக் கேட்டே வந்தியத்தேவனை மனதில் வரித்துக்கொள்கிறாள். எதிரில் நிற்கும் மனிதனின் மனமோ குந்தவையிடம் இருந்தது. அவளுடைய முடிவு எவ்வளவு துயரமானது என்று உங்களுக்குத் தெரியும். கேட்ட கதையை மட்டும் நம்பாமல் ஆளை நேரில் அறிய வேண்டும் என்பதைக் கல்கியே காட்டிவிட்டார்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உங்கள் அம்மாவோடும் சகோதரங்களோடும் ஒரே வளவில் வாழப்போகிறவர் அவர். ஆகவே அடுத்த இடம் வந்தால், வேண்டாம் என்று சொல்லுமுன் அவரோடு ஆறுதலாகக் கதைக்கச் சந்தர்ப்பம் கேளுங்கள். வீட்டாருக்குத் தெரிந்தே கேளுங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, தன்னிலும் எளியவர்களோடு எப்படிக் கதைக்கிறார், உங்கள் வேலை ஆசையைக் கேட்டு என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த மறுப்பு அவரை அறிந்து சொன்ன மறுப்பாக இருக்கட்டும்.

ஒரு விடயத்தில் கவனமாயிருங்கள். நித்திரை, சாப்பாடு, வேலை தேடுதல் குழம்பினாலோ, ஆட்களைக் கண்டாலே ஒதுங்கத் தோன்றினாலோ, பாத்திரத்தின் குரல் நிஜமாகக் கேட்பதாகத் தோன்றினாலோ உதவி கேட்க வேண்டும். முன்பு யாராவது உங்களைக் காயப்படுத்தி, அந்தப் பயத்தில் கதைக்குள் ஒளிந்திருந்தாலும் அப்படித்தான். இப்போது பாத்திரங்களின் பெயரில் பதில் எழுதும் செயலிகளும் வந்துவிட்டன. இரவெல்லாம் அவற்றோடு கழிந்தால் அதுவும் எச்சரிக்கைதான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

புத்தகங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஐந்து பாகமும் உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும். கலியாணத்துக்குப் பிறகும் வாசியுங்கள், வருகிறவருக்கும் வாசிக்கக் கொடுங்கள். வந்தியத்தேவனை வைத்து ஒரு மனிதனிடம் என்ன குணம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குணத்தை உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் தேடுங்கள்.