காற்றுத் திசைகாட்டி

ஆங்கிலத்தில் ‘வெதர் வேன்’ என வழங்கும் கருவிக்குத் தமிழ்ப்பெயர் கூறுக என்றால், நம்மிற் பலர் சொல்லுக்குச் சொல் வைத்து ‘வானிலைகாட்டி’ என்பர். அது பொருந்தாது. இக்கருவி மழையையோ வெயிலையோ காட்டுவதில்லை. காற்று எத்திசையிலிருந்து வருகின்றது என்பதொன்றையே காட்டுகின்றது. ‘காற்றாடி’ என்பதும் ஆகாது. அது பட்டத்துக்கும், பிள்ளைகள் ஓலையில் செய்து சுழற்றும் விளையாட்டுப் பொருளுக்கும் உரிய பெயர். ‘காற்றுத் திசைகாட்டி’ என்பதே தகும்.

இதன் அமைப்பு எளிது. செங்குத்தான தண்டின்மேல் தடையின்றிச் சுழலும் ஒரு கிடைக்கம்பி. அதன் ஒரு முனையில் அம்பு, மறு முனையில் அகன்ற தகடு. இருபுறமும் எடை ஒத்திருக்கும். பரப்பு மட்டும் ஒவ்வாது. காற்று மோதுங்கால் அகன்ற தகடே மிகுதியும் தள்ளப்பட்டுப் பின்னே ஒதுங்குகின்றது. ஆகவே அம்பு, காற்று வரும் திசையை நோக்கி நிற்கின்றது. கட்டடங்களும் மரங்களும் காற்றைத் திருப்பிவிடும் என்பதனால், திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இதனை நிறுத்துவது வானிலை ஆய்வாளர் முறை.

நிலையில்லாத மனிதரைக் குறிக்கவும் ஆங்கிலேயர் இச்சொல்லை ஆள்வர். நாம் அவரைப் பச்சோந்தி என்போம். கருவியின்பால் எனக்குச் சிறிது இரக்கமுண்டு. காற்றோடு ஓடுவது சருகு. இதுவோ காற்றுக்கு முகங்கொடுத்தன்றோ நிற்கின்றது!

காற்றுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் கொண்ட முறையும் இன்றைய அறிவியல் முறையும் ஒன்றே. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. செல்லும் திசையாலன்றி, வரும் திசையாலேயே பெயர் அமைந்தது. யாழ்ப்பாணத்துக் கடலோடிகள் மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும் கூறுவர்.

இங்கே பெங்களூரில் வாழும் நமக்கு ஒரு வியப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீரைக் கொட்டிவிட்டுத் தமிழகச் சமவெளியில் இறங்கும் மேல்காற்று வறண்டு வெம்மையுறுகின்றது. அதே காற்று சூன் முதல் செப்டம்பர் வரை, கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட இம்மேட்டுநிலத்தில் மேகத்தோடும் குளிரோடும் வீசுகின்றது. அங்கே போர்வையை உதறச் செய்யும் கோடை, இங்கே போர்வையைத் தேடச் செய்கின்றது!

அக்டோபருக்குப் பின் காற்று கீழ்த்திசைக்கு மாறும். வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக எண்ணின் கிழக்கு 90 பாகை, மேற்கு 270 பாகை. 2008-இல் திறக்கப்பட்ட கெம்பேகௌடா விமான நிலையத்தின் ஓடுபாதைகளில் 09, 27 என்னும் எண்கள் உள்ளன; அவை இப்பாகைகளின் சுருக்கமே. விமானம் எதிர்காற்றில் ஏறவும் இறங்கவும் வேண்டும். பின்காற்றில் இறங்கினால் நிற்பதற்கு நெடுந்தொலைவு பிடிக்கும். ஆதலின் மேல்காற்றுக்கு 27, கீழ்காற்றுக்கு 09.

விமானத்திடலில் தொங்கும் துணிப்பை வேறு வகை. அதன் அகன்ற வாய் காற்று வரும் பக்கம் திரும்பும். வால் காற்றுச் செல்லும் பக்கம் நீளும். அம்பின் முனையைப் படிப்பதுபோல் வாலின் நுனியைப் படிப்பவர் மேல்காற்றைக் கீழ்காற்று எனக் குறித்துவிடுவர். பறக்கப் பயில்வோர்க்கு அது தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் குறைவதோடு நிற்பதில்லை.